உலோகம் ஊருக்கு, அளவு எஞ்சினுக்கு

கல்முனையில் ஒரு காரின் சைலன்சர் ஓட்டை விழுந்தால் காரணம் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. கடற்காற்று, உப்பு, இரும்பு; மூன்றும் சேர்ந்தால் கறள். இந்த விளக்கம் பிழையில்லை, ஆனால் அரைவாசிதான். அரைவாசி விளக்கத்தை நம்பிச் செய்யும் வைத்தியமும் அரைவாசியிலேயே நின்றுவிடுகிறது. உப்பு வெளியிலிருந்துதானே வருகிறது என்று தடித்த குழாய் போடுகிறார்கள், வெள்ளிப் பெயின்ற் அடிக்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ்ஸில் புதிதாகச் செய்விக்கிறார்கள். அப்படிச் செய்விக்கும்போதே குழாயையும் ஒரு சுற்றுப் பெரிதாக்கி, புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் ஊக்கிப் பெட்டியையும் கழற்றிவிடும் ஆசை வந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: அம்பாறைக் கரையில் சைலன்சரைச் சொந்தமாகச் செய்வித்துக்கொள்ள உறுதியான நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் உலோகத்தை மாற்றுவதற்கு மட்டுமே போதும். வடிவத்தையும் அளவையும் மாற்றுவதற்கு அது போதாது. ஏன் என்று விளங்க, கறள் எந்தப் பக்கத்திலிருந்து தின்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வெளிப்பக்கத்திலிருந்து தொடங்குவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையை ஒட்டி நீளும் ஊர்களை ஏ4 நெடுஞ்சாலை ஒரே கோட்டில் கோர்க்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துணிக்கைகளாக ஊருக்குள் வருகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே அவற்றில் பெரும்பங்கு படிந்துவிடும். உள்ளே போகப்போக அளவு சட்டென்று குறையும். சில கிலோமீற்றர் மேற்கே வயல்களுக்கு நடுவே இருக்கும் சம்மாந்துறைக்கும் கரையோரத்துக்கும் இந்த விடயத்தில் உள்ள வித்தியாசம் அதுதான். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும்போது உப்பு வரவு கூடுகிறது. கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து வந்தாலும், பிற்பகலில் எழும் கடற்காற்று வரவை முழுதாக நிற்க விடுவதில்லை.

படிந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீத ஈரப்பதனே போதும். எனவே மழையே பெய்யாத இரவிலும் காரின் அடிப்பக்கம் நனைந்துதான் இருக்கும். அந்த நனைவு மின்னைக் கடத்தும் கரைசலாகி, இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து கறளாவதை விரைவாக்குகிறது. குளோரைட்டு அயன் இந்த வேலையில் செலவாகிப் போவதில்லை. ஓரிடத்தைத் தின்று முடித்ததும் அடுத்த இடத்துக்குப் போகும். ஆகையால் கொஞ்ச உப்பே நெடுநாள் வேலை செய்யும். மழை காரின் கூரையையும் கதவையும் கழுவிவிடும், அடிப்பக்கத்தைக் கழுவாது. மழை படாத மறைவிடத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. பளபளக்கும் பொடியின் கீழே கறள் தின்ற சைலன்சர் தொங்குவதற்கு இதுவே காரணம்.

இனி உள்பக்கம். பெற்றோல் என்பது காபனும் ஐதரசனும் சேர்ந்த சேர்வைகளின் கலவை. எரியும்போது காபன் காபனீரொட்சைட்டாகிறது, ஐதரசன் நீராகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகும். இது இரசாயனக் கணக்கு, எந்தக் கம்பனியின் காருக்கும் பொருந்தும். எஞ்சின் சூடேறியபின் அந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். குழாயின் சுவர் குளிர்ந்திருந்தால், சோற்றுப்பானை மூடியின் உட்புறம் போல அங்கே துளிகள் கட்டும். புகையில் இருக்கும் ஆவி ஏறத்தாழ 50 பாகை செல்சியஸில் ஒடுங்கத் தொடங்கும். கரையோரத்தின் ஈரமான காற்றையே எஞ்சின் உள்ளிழுப்பதால் இங்கே அந்த எல்லை இன்னும் சில பாகை மேலே போகும். ஒடுங்கிய நீரில் எரிபொருளின் கந்தகத்திலிருந்தும் காற்றின் நைதரசனிலிருந்தும் பிறந்த வாயுக்கள் கரைந்து அமிலமாகின்றன. எஞ்சினுக்கு அருகேயுள்ள குழாய் சில நிமிடங்களில் அந்த வெப்பநிலையைத் தாண்டிவிடும். பின்னால் தொங்கும் சைலன்சர் பெட்டி, கனம் கூடியதாலும் எஞ்சினிலிருந்து தூரத்தில் இருப்பதாலும், கடைசியாகத்தான் சூடேறும். கறள் பின்பெட்டியில் முதலில் துளை போடுவதன் இரகசியம் இதுதான்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். குளிர்நாட்டில் குழாய் உறைநிலையிலிருந்து சூடேற வேண்டும். நமக்கு 30 பாகையிலிருந்து 55 பாகை, வெறும் 25 பாகை ஏற்றம்தானே, உள்ளே நீர் கட்ட நேரம் எங்கே? கேள்வி நியாயமானது. பதில் ஓட்டத்தின் நீளத்தில் இருக்கிறது. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைச் சந்தைக்கு, அங்கிருந்து பாடசாலை வாசலுக்கு, பிறகு வீட்டுக்கு என்று இங்கே கார் ஓடுவது சில கிலோமீற்றர்தான், அதுவும் நெரிசலில் ஊர்ந்தபடி. பெட்டி சூடேறி, உள்ளே தேங்கிய நீர் முழுக்க ஆவியாகி வெளியேறும் முன்பே எஞ்சின் நிறுத்தப்படுகிறது. நிறுத்திய பிறகும் உள்ளே அடைபட்ட ஆவி குளிர்ந்து இன்னொரு முறை துளியாகிறது. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் ஓட்டத்தின் நடுவிலேயே எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் குழாய் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கும். அத்தோடு, ஈரம் சமமாக இருந்தால் வெதுவெதுப்பான உலோகமே குளிர்ந்த உலோகத்தைவிட வேகமாகக் கறள் பிடிக்கும். எனவே நம் வெயில் குழாயைக் காப்பாற்றுவதில்லை. கொழும்புக்கு நீண்ட பயணம் போய்வரும் வானின் சைலன்சர் நாளொன்றுக்குப் பல மணிநேரம் உட்புறம் காய்ந்திருக்கும். ஊருக்குள் மட்டும் ஓடும் காரின் சைலன்சருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆக, குழாயின் சுவரை உள்ளிருந்து அமில நீரும் வெளியிலிருந்து உப்பும் ஒரே நேரத்தில் அரிக்கின்றன. வெளியே பெயின்ற் அடித்தால் உள்பக்கம் தப்பாது. ஓட்டைக்கு மேல் தகரம் வைத்து ஒட்டினால், தகரத்துக்கும் பழைய சுவருக்கும் இடையே ஒரு நுண்ணிய சந்து உண்டாகி, உப்பு நீர் அங்கே போய்க் காயாமல் தங்கும். ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த ஓட்டை. அப்படியானால் கம்பனிச் சாமானையே வாங்கிப் பூட்டினால் என்ன? புதிதாகக் கிடைத்தால், விலையும் கட்டினால், அதைவிட நல்ல வழி இல்லை, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் இலங்கை 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் வீதியில் ஓடிய கார்களுக்கு வயது கூடிக்கொண்டே போனது. சந்தையில் கிடைக்கும் கழற்றிய சாமான்களில் பல, குளிர்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவும் ஜப்பானியப் பிரதேசங்களில் ஏற்கெனவே ஓடித் தேய்ந்தவை. ஒரு உப்பிலிருந்து இன்னொரு உப்புக்கு வந்த பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த நிலையில் உள்ளூரில் அளவெடுத்துச் செய்விப்பது ஆடம்பரமாகாது. இடத்துக்கேற்ற தீர்வு அது.

எந்த உலோகம்? சாதாரண உருக்கு மலிவு, வெல்டிங் இலகு, ஆனால் இந்தக் கரையில் தோற்பது நிச்சயம். தடிப்பைக் கூட்டினால் நாள் கொஞ்சம் நீளும். பாரமும் நீளும், சூடேற எடுக்கும் நேரமும் நீளும், அதாவது உள்ளே நனைந்திருக்கும் நேரமும் நீளும். அலுமினியம் பூசிய உருக்கு நடுத்தரம்: பூச்சு இருக்கும்வரை நன்றாகத் தாங்கும், வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் கறள் அங்கேதான் தொடங்கும். தண்ணீர்க் குழாய்க்கென்று விற்கும் ஜீ.ஐ. பைப்பைச் சைலன்சருக்குப் போடவே கூடாது. அதன் மேல் பூசியிருக்கும் நாகம் 420 பாகையை அண்டி உருகிவிடும். வெல்டிங் வெப்பத்தில் அது புகையாகி, வேலை செய்பவருக்குக் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொடுக்கும். எஞ்சுவது ஸ்டெயின்லெஸ். உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 11 சதவீதத்தை எட்டினால் மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்பில் ஒரு ஒட்சைட்டுப் படலம் உருவாகி, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். கார்ச் சைலன்சருக்கென்றே வந்த 409 ரகத்தில் குரோமியம் அந்த 11 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் உப்பு அதிகமான இடத்தில் அதற்குத் தாங்கும் பலம் குறைவு. 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316 ரகத்தில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினமும் சேர்கிறது. குளோரைட்டு குத்தும் நுண்துளைகளை எதிர்ப்பதற்கே அது சேர்க்கப்படுகிறது. அமில நீர் தேங்கும் பின்பெட்டிக்கு 304 போதுமானது, கட்டுபடியானால் 316 சிறப்பு.

ஆனால் ஸ்டெயின்லெஸ் என்று கடையில் சொன்னால் போதாது. எந்த ரகம் என்பதே முக்கியம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது ஏமாற்றிவிடும். சைலன்சருக்கென்றே செய்த 409 இல் காந்தம் ஒட்டும். படிக் கைப்பிடிக்கும் கேற்றுக்கும் மலிவாகக் கிடைக்கும் 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அதில் காந்தம் ஒட்டாது. கடற்கரை வீடுகளின் கைப்பிடிகளில் தேயிலைச் சாயம் போல் கறை படிவதைப் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் இந்த ரகத்தின் வேலை. வெல்டிங் செய்யும் விதமும் இதே அளவு முக்கியம். 304 ஐ 450 முதல் 850 பாகை வரையான வெப்பத்தில் வைத்திருந்தால் அதிலுள்ள காபன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தின் நுண்மணிகளின் எல்லையில் ஒதுங்கும். அந்த எல்லை குரோமியத்தை இழந்து அரிப்புக்கு வழி திறக்கும். காபன் 0.03 சதவீதத்தைத் தாண்டாத 304எல் ரகத்தை எடுத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஒட்டும்போது குழாயின் உட்புறத்தில் ஆகன் வாயுவை ஓடவிடாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில் வெல்டிங் கருகிச் சொரசொரத்துப் போகும். அமில நீர் முதலில் போய் உட்காருவது அங்கேதான். வெளியே தெரியும் நீலமும் பொன்னிறமும் கலந்த வெப்பக்கறை பார்க்க அழகுதான், ஆனால் அதன் கீழே குரோமியம் குறைந்திருக்கும். அதைத் தேய்த்து நீக்கினால்தான் படலம் மீண்டும் முழுதாகும்.

இதுவரை சொன்னதெல்லாம் உலோகத்தை மாற்றச் சொல்கிறது. அளவு வேறு கதை. குழாய் பெரிதானால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும் என்பது பலமான நம்பிக்கை. பந்தயக் காரின் எஞ்சின் பெரும்பாலும் உச்சச் சுழற்சியிலேயே ஓடுவதால் அதற்கு அது பொருந்தும். ஊருக்குள் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் 660 சீசீ வேகன் ஆர் காருக்குப் பொருந்தாது. எஞ்சினிலிருந்து புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 75 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பின் பின்னாலும் ஒரு தாழ்அமுக்க அலை வருகிறது. குழாயின் நீளமும் விட்டமும் சரியாக அமைந்திருந்தால் அது சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுத்து வெளியேற்ற உதவும். விட்டத்தை ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலமாக்கினால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, வாயுவின் வேகம் பாதியை அண்டி இறங்குகிறது. அந்த உதவி தளர்ந்து, குறைந்த சுழற்சியில் இழுவை மந்தமாகும். அதைவிட நம் கரைக்கு முக்கியமான விளைவு வேறொன்று. அகலமான குழாயில் மெதுவாகப் போகும் புகை கூடுதலாக வெப்பத்தை இழக்கிறது. சூடேற வேண்டிய உலோகமும் கூடிவிடுகிறது. உள்ளே நீர் கட்டும் நேரம் நீள்கிறது. கறளுக்குப் பயந்து செய்விக்கும் குழாயைப் பெரிதாக்குவது, கறளுக்கு உள்ளே இடம் ஒதுக்கிக் கொடுப்பதாகும்.

ஊக்கிப் பெட்டியைக் கழற்றச் சொல்பவர்களிடமும் ஒரு வாதம் இருக்கிறது: அது அடைத்துக்கொள்ளும், எஞ்சினை மூச்சடைக்க வைக்கும். அடைத்துக்கொள்வது உண்மை, பிளக் சரியாக எரியாமல் பச்சைப் பெற்றோல் உள்ளே போய் எரிந்தால் தேன்கூடு போன்ற உட்பகுதி உருகிவிடும். ஆனால் அடைப்பை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். ஒட்சிசன் சென்சரைக் கழற்றிய துளையில் அமுக்கமானியைப் பொருத்தி, 2500 சுற்றில் 3 பீ.எஸ்.ஐ. க்கு மேல் காட்டினால் சந்தேகிக்கலாம், குறைவாக இருந்தால் பெட்டி குற்றமற்றது. அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவை 250 முதல் 300 பாகையில் விழித்துக்கொண்டு காபனோரொட்சைட்டையும் எரியாத எரிபொருளையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் மாற்றுகின்றன. ஈயம் அவற்றுக்கு நஞ்சு. இலங்கை 2002 இல் ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்ட பிறகுதான் இந்தப் பெட்டிக்கு இங்கே வாழ வழி பிறந்தது. 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனத்துக்கு அளக்கப்படுவது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும்தான். பெட்டியைக் கழற்றியவர் வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும்போது அதே பெட்டியைத் தேடவேண்டி வரும்.

பெட்டியும் சென்சரும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்சருக்கு முன்னால் உள்ள மூட்டில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலே போதும். துடிப்புகளுக்கு இடையே வரும் தாழ்அமுக்கம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சர் அந்த ஒட்சிசனைப் பார்த்து, பெற்றோல் குறைவாகப் போகிறது என்று தவறாக அறிவிக்கும். கணினி மேலும் பெற்றோலைக் கொட்டும். செலவு கூடும், ஊக்கி வேகும். கசிவு காரின் தரைக்குக் கீழே இருந்தால் ஆபத்து பணத்தோடு நிற்காது. காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பிடித்துக்கொள்ளும். கண்ணாடியை மூடி ஏ.சி. போட்டு ஓடும் பாடசாலை வானில் பிள்ளைகளுக்குத் தலையிடி வந்தால், வெயிலைக் குறைசொல்லும் முன் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

உலோகத்தை மாற்றும்போது அளவில் இடம்கொடுக்க வேண்டிய ஒரே விடயம் விரிவு. மூன்று மீற்றர் நீளக் குழாய் சராசரியாக 250 பாகை சூடேறினால் சாதாரண உருக்கு 9 மில்லிமீற்றர் நீளும், 304 ஏறத்தாழ 13 மில்லிமீற்றர். கம்பனி வைத்த நெளிகுழாயையும் றப்பர் தொங்கிகளையும் நீக்கிவிட்டுக் குழாயை அடித்தளத்தோடு இறுக்கி வெல்டிங் செய்தால், அந்த நீட்சிக்கு இடமின்றி மூட்டு வெடிக்கும். பின்பெட்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் கம்பனி விட்டிருக்கும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் துளையும் அப்படியே இருக்கவேண்டும். ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துவிடுவது வழக்கம். தேங்கும் அமில நீர் வடிவதற்கென்றே வைத்த வழி அது. சத்தத்தைத் தணிக்கும் அறைகளையும் எடுத்துவிடக் கூடாது. சைலன்சர் ஒன்று சத்தத்தை 20 டெசிபல் குறைத்தால் ஒலியின் சக்தியில் நூறில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது என்று பொருள். அதை நீக்கினால் நூறு பங்கும் வீதிக்கு வரும். வீடும் பாடசாலையும் ஆஸ்பத்திரியும், றமழான் இரவுகளில் தறாவீஹ் தொழுகை நடக்கும் பள்ளிவாசலும் நெருங்கி நிற்கும் ஊர்களில் அது ஒருவருடைய தனிப்பட்ட ரசனை என்று விட்டுவிட முடியாது.

கடைசி ஆட்சேபம் காசு. ஸ்டெயின்லெஸ் சாதாரண உருக்கைவிடப் பல மடங்கு விலை. மின்கார்கள் வந்துகொண்டிருக்கும் காலத்தில் இவ்வளவு செலவு தேவையா? செய்விக்கும் செலவில் உலோகத்தின் விலை ஒரு பங்குதான். கழற்றும் கூலி, வளைக்கும் கூலி, ஒட்டும் கூலி, காரின்றி இருக்கும் நாட்கள் ஆகியவை மலிவான குழாய்க்கும் அதே அளவுதான். குழாய் மாறும் ஒவ்வொரு முறையும் அவை திரும்பவரும். குறைவாக மாற்றுவதே சிக்கனம். மின்காருக்குச் சைலன்சர் தேவையில்லை என்பது உண்மை, ஆனால் இன்று வீதியில் நிற்கும் பெற்றோல் காரை விற்றால் அதை வாங்குபவரும் இதே கரையில்தான் ஓட்டுவார். காரை இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணம் இருப்பவர் அலுமினியம் பூசிய குழாயோடு திருப்திப்படலாம், அதில் தவறில்லை.

எனவே வெல்டிங் கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய சைலன்சரைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். விட்டம், நீளம், வளைவு, சென்சர் துளை, வடிதுளை எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். குழாயின் ரகத்தை எழுத்தில் கேளுங்கள். மணல் நிரப்பியோ அச்சு வைத்தோ வளைக்கச் சொல்லுங்கள். நசுங்கிய வளைவு குழாயின் பரப்பைத் திருடிவிடும். உட்புறம் ஆகன் ஓடுகிறதா என்று நின்று பாருங்கள். பூட்டிய பிறகு வாரம் ஒருமுறையாவது காரை இடைவிடாமல் அரைமணி நேரம் ஓட்டி உள்ளே காயவிடுங்கள். வாடைக்காலத்தில் அடிப்பக்கத்தை உவரில்லாத நன்னீரால் கழுவுங்கள். எந்த உலோகம் என்பதை இந்தக் கரை தீர்மானிக்கட்டும். எந்த அளவு என்பதை அந்த எஞ்சினைச் செய்தவர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். அதில் கை வைக்க வேண்டாம்.